உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறாங்கள்

"கடைச் சாமானுக்குள்ள என்ன போட்டிருக்கிறாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அண்ணையை நினைத்தால் முதலில் இந்த வசனம்தான் வந்து நிற்கும். ஆள் அதற்குப் பிறகுதான் வருவார். இதில் விசேஷம் என்னவென்றால், இதை அவர் சொல்லுவது தன்னுடைய சொந்தக் கடையில், காசு வாங்குகிற டில்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு. லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், ட்ராம் தரிப்புக்குக் கிட்ட இருந்தது அந்தப் பலசரக்குக் கடை. யாராவது ஒரு பிள்ளை கறித்தூள் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைப்பாள். அண்ணை அதை எடுத்து, ஒருதரம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, வசனத்தைச் சொல்லுவார். பிள்ளை பயந்துபோய்ப் பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். பின்னேரம் அக்கா, அதாவது அவருடைய மனுசி, கடையில் வந்து நிற்கிற நேரத்தில்தான் அங்கே பாக்கெட் சாமான் விலைப்படும்.

வீட்டில் எல்லாம் வீட்டில் செய்தது. சவர்க்காரம் காய்ச்சினார். அதைப் போட்டுக் குளித்துவிட்டு நான் ஒரு ஞாயிறு பூசைக்குப் போனேன், வாங்கிலில் என் இரண்டு பக்கமும் இடம் தாராளமாக இருந்தது. வேலிக்கு அவரே மரம் அரிந்தார். அந்த வேலி ஒரு பக்கம் சரிந்து நின்றதை, காற்றுக்கு வளைந்து கொடுக்கிற மாதிரிச் செய்ததாக விளக்கம் சொன்னார். தூள் வறுப்பதென்றால் பின்வளவில் பெரிய தாச்சி ஏறும். ஒருமுறை மிளகாய்ப் புகையில் தெருவே இருமி, யாரோ தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு ஐஸ்கிரீம் டப்பாவில் தூளோடு போனார்கள்.

அதுதான் அண்ணையின் அடுத்த குணம். செய்ததைத் தன்னோடு வைத்திருக்க மாட்டார், தருவார். வாங்காமல் நீங்கள் வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் வீட்டுக் குசினியில் மேல்தட்டு முழுக்க அவர் தந்த டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஏன் உடைக்கவில்லை என்று கேட்டால் என் மனுசி மெல்லிய குரலில் சொல்லுவாள்: "அண்ணை தங்கமான மனுசன். ஆனா வறுக்கேக்க தாச்சிக்கு மேல தும்மினதை நான் கண்டனான்."

அவருக்குத் துவக்கு, அதாவது துப்பாக்கி, வந்த கதை பச்சைமிளகாயில் தொடங்குகிறது. சனிக்கிழமைகளில் கடைக்குப் பச்சைமிளகாய் வாங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வெடுத்தவர், ஒரு காது கேட்காது. அவர் ஒருநாள் அண்ணையைத் தட்டுச் சுட வரச்சொல்லிக் கூப்பிட்டார். குரோய்டனுக்கு அங்கால் நிலம் மேடும் பள்ளமுமாகத் தொடங்குகிற இடத்தில் ஒரு வயல். அங்கே ஒரு மெசின் செம்மஞ்சள் நிறத்தில் சோசர் மாதிரியான தட்டுகளை ஆகாயத்துக்கு எறியும். துவக்கோடு நிற்கிறவர் இங்கிலிஷில் "புல்", இழு என்று சத்தம் போட்டால் தட்டுப் பறக்கும், சுட்டு உடைக்க வேண்டும். இதுதான் விளையாட்டு. தனியே போக அண்ணைக்கு ஒரு மாதிரி இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

முதல் வெடி கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம். நினைத்துச் செய்ததில்லை, முழங்கால் தானாக மடிந்தது. அவ்வளவு பெரிய வயலில் குந்தியிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். வெள்ளைக்காரர்கள் நல்ல மனுசர், நாங்கள் சப்பாத்து நூல் கட்டுகிறோம் என்று எடுத்துக்கொண்டு மற்றப்பக்கம் பார்த்தார்கள். அண்ணை சேற்றைத் தட்டிக்கொண்டு எழும்பினார். இரண்டாவது வெடிக்குத் தோள் மட்டும் துடித்தது. கிழவர் துவக்கை அவர் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பதென்று காட்டினார். அண்ணை தொண்டையைச் செருமி "புல்" என்றார், பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில். தட்டு உடையவில்லை. ஆனால் மனுசன் திரும்பும்போது முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

காரில் வரும்போது சொன்னார்: "அங்க ஊரில சத்தம் எந்தப் பக்கத்தால வரும், எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச நான் சொன்னாப் பிறகுதான் தம்பி வருகுது."

அதற்குப் பிறகு அவரைப் பகிடி பண்ணுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். கொஞ்சம்தான்.

துவக்கு லைசென்ஸுக்கு அவர் எழுதிப்போட்ட செய்தி கோயிலடியில் பரவின வேகத்துக்குப் பங்குத்தந்தையின் பிரசங்கம் ஒருநாளும் பரவினதில்லை. துவக்குக்குப் பயந்து அகதியாக வந்த மனுசன் துவக்குக் கேட்கிறாரே, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் பழைய அகதிக் கேஸை உடைத்துப் பார்க்கப் போகிறாங்கள் என்று பூசை முடிந்து கார் எடுக்கிற இடத்தில் சனம் கூடிக்கூடிக் கதைத்தது. அவர் பிரிட்டிஷ் பிரசையாகிப் பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அண்ணை சிரித்தார். "அண்டைக்கு அவையள் துவக்குத் தொட்டனியோ எண்டு கேட்டவை, இல்லை எண்டனான். அது உண்மை. இண்டைக்குத் தொடப்போறியோ எண்டு கேக்கினம், ஓம் எண்டுறன். அதுவும் உண்மை. இதில ஆருக்கு என்ன கரைச்சல்?"

பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, சுவரோடு பூட்டின இரும்பு அலுமாரியை ஆட்டிப் பார்த்தார். உங்களுக்கு இதில் பயம் ஏதும் உண்டா என்று அக்காவைத் தனியாகக் கேட்டார். துவக்குக்குப் பயமில்லை, சவர்க்காரத்துக்குத்தான் பயம் என்று அக்கா சொன்னதாக அக்காவே சொன்னா. பொலிஸ்காரரும் ஒரு டப்பாவோடுதான் போனார்.

லைசென்ஸ் வந்தது, துவக்கு வந்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒருநாள் வயலில் அண்ணை ஒரு தோட்டாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன். சிவப்புப் பிளாஸ்டிக் கோது, அடியில் பித்தளை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பெருமூச்சு வந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, இதுக்குள்ள என்ன போட்டிருக்கிறாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

சுட்ட கோதுகளைத் திரும்ப நிரப்புகிற ஒரு கைமெசின் கிழவரின் கராஜில் கிடந்தது. கடையில் தோட்டா மலிந்தபிறகு அவர் அதைத் தொடவில்லையாம். வேண்டுமோ என்று கேட்டு அண்ணை ஓம் சொல்லி முடிப்பதற்குள் மெசின் காருக்குள் ஏறிவிட்டது. கிழவருடைய மனுசி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிடாத குறை. மெசினோடு ஒரு புத்தகமும் வந்தது. எந்தக் கோதுக்கு எந்த வெடிமருந்து, எவ்வளவு, எந்த அடைப்பு என்று அதில் இருந்தது. அதில் உள்ளபடி செய், ஒன்றையும் மாற்றாதே, வேலைசெய்யும்போது வேறெதிலும் கவனம் வைக்காதே என்று கிழவர் ஒவ்வொரு விரலாக மடித்துச் சொன்னார்.

பின்வளவுக் கொட்டில் தோட்டாக் கொட்டிலாக மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வயலில் மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க, நானும் அண்ணையும் புல்லுக்குள் குனிந்து வெற்றுக் கோது பொறுக்கினோம். வாய் வெடித்ததைக் கழிப்பது, ஒரே கொம்பனிக் கோதை ஒரே பெட்டியில் போடுவது எல்லாம் என் வேலை. பிறகு கொட்டிலில் அண்ணை மெசினுக்கு முன்னால் இருப்பார். கோதின் அடியில் சுட்டுப்போன பிரைமரைத் தட்டி எடுத்துப் புதிசு வைப்பார். அது தட்டுப்பட்டால் பொறி விடுகிற சின்னத் தொப்பி. அதற்கு மேல் நிறை பார்த்த மருந்து. மருந்துக்கு மேல் நாரால் செய்த அடைப்பு. அடைப்புக்கு மேல் ஈயச் சன்னம், கடுகு மாதிரி. கடைசியில் கைபிடியை அமத்தினால் கோதின் வாய் பூ மாதிரி மடிந்து மூடிக்கொள்ளும்.

உண்மையைச் சொல்ல வேண்டும், சமையலில் கண்ணளவு பார்க்கிற மனுசன் மருந்தைத் தராசில்தான் நிறுத்தார். தராசோடு வந்த தட்டு நெளிந்துவிட்டது என்று அதற்குப் பதிலாக ஒரு சின்னச் சில்வர் கிண்ணம் வைத்திருந்தார். அக்கா அந்தக் கிண்ணத்தைத்தான் வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தா என்பது கொட்டிலுக்குள் தெரியாது.

"ஒரு கிண்ணம், ஒரு கோது," என்பார். "கிண்ணம் வெறுமையெண்டால் கோதுக்குள்ள போட்டாச்சு. கிண்ணத்தில இருந்தால் இன்னும் போடேல்லை. பிழை வாறதுக்கு இடமே இல்லை தம்பி."

யேசு பிறந்த நாளான நத்தாருக்கு முந்தின ஒரு சனிக்கிழமை. கொட்டிலில் நானும் இருந்தேன். அண்ணை மருந்து நிறுத்துக் கிண்ணத்தைத் தராசில் விட்டபடி, பிரைமர் வைத்த கோதைக் கையில் எடுக்கிறார், அக்கா குசினிக் கதவடியில் நின்று கூப்பிட்டா: "இஞ்சருங்கோ, கலியாணம் சொல்ல வந்திருக்கினம்."

லண்டனில் எதற்கும் காரணம் சொல்லலாம். ஷிப்ட் என்று சொல்லலாம், காய்ச்சல் என்று சொல்லலாம். கலியாணம் சொல்ல வீடு தேடி வந்த சனத்தை, கொஞ்சம் இருங்கோ எனக்கு வேலை இருக்கு என்று சொல்லி இருத்தி வைக்கிற யாழ்ப்பாணத்தார் இன்னும் பிறக்கவில்லை. தாய், தகப்பன், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சித்தி குடும்பம் எல்லாம் இரண்டு காரில் வந்திருந்தது. அண்ணை கோதைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, சேட்டு மாற்றப் போனார். நானும் பின்னால் போனேன். வந்தவர்கள் கேக் சாப்பிட்டு, சீதனம் வாங்கவில்லை என்பதை நாலைந்து விதமாகச் சொல்லி, இரண்டாம் தேத்தண்ணி குடித்து, வாசலில் நின்று அரைவாசிக் கதையைத் திரும்பக் கதைத்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது டப்பாக்களும் போயின.

கொட்டிலுக்குத் திரும்பினோம். கிண்ணம் வெறுமையாக இருந்தது. அப்ப போட்டாச்சு என்று அண்ணை கோதை எடுத்து, அடைப்பு வைத்து, சன்னம் கொட்டி, கைபிடியை அமத்தினார். பூ அழகாக மடிந்தது.

நத்தாருக்கு அண்ணை தட்டுச் சுடுகிற கிளப்புக்கு வெறுங்கையோடு போவாரா? கிழவருக்கும் கூடச் சுடுகிற மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பெட்டி தோட்டா. அக்கா சிவப்பு ரிப்பன் கட்டி, ஒவ்வொன்றோடும் பயத்தம் பணியாரமும் வைத்துக் கொடுத்தா. வெள்ளைக்காரர்கள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கண் விரித்து, நிறைய நன்றி சொன்னார்கள். அண்ணைக்கு நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் சேட்டுப் பொத்தான் கஷ்டப்பட்டது.

புதுவருசப் பிறப்பன்று காலமை கிளப்பில் எல்லாரும் கூடிச் சுடுவார்கள். அதற்கு முதல்நாள் மத்தியானம் அண்ணை போன் எடுத்தார். உடனே வாரும் என்றார்.

போனேன். குசினி மேசையில் அந்தச் சில்வர் கிண்ணம் இருந்தது. நடந்தது இவ்வளவுதான்: அக்கா கொட்டிலுக்குப் போனவிடத்தில் தன்னுடைய கிண்ணத்தைத் தராசில் திரும்பக் கண்டு, இது என்ர கிண்ணமெல்லோ, அண்டைக்குக் கழுவி வைத்ததோடு எடுத்துக்கொண்டு போயிருக்க வேணும் என்று சொல்லியிருக்கிறா. எண்டைக்குக் கழுவினீர் என்று அண்ணை கேட்டிருக்கிறார். கலியாணம் சொல்ல வந்த அன்று சனம் கூடிப்போய்க் கதிரை போதாமல் போனது. மடக்குக் கதிரைகள் கொட்டிலில்தான் இருக்கும். எடுக்கப் போன அக்கா, தன் கிண்ணத்தில் ஏதோ கறுப்புத் தூசி கிடக்கக் கண்டா. வீட்டில் சனம் இருக்கும்போது ஊத்தைப் பாத்திரம் கிடக்கலாமா? தூசியைத் தோட்டத்தில் தட்டி, கிண்ணத்தை உரஞ்சிக் கழுவித் துடைத்து, அவருக்குத் தேவையாக்கும் என்று தராசிலேயே திரும்ப வைத்துவிட்டுக் கதிரையோடு வந்துவிட்டா.

"எந்தச் சவர்க்காரத்தில கழுவினீர்?" என்று அண்ணை கேட்டார். மனுசனுக்கு அந்த நேரத்திலும்.

"கடைச் சவர்க்காரத்தில," என்றா அக்கா.

மருந்து இல்லாத தோட்டாதானே, வெடிக்காமல் கிடக்கும், ஆருக்கு என்ன என்று கேட்டேன். அண்ணை தலையை ஆட்டினார். பிரைமரின் பொறி மட்டும் அடைப்பைத் தள்ளும், ஆனால் வெளியே தள்ளப் போதாது. அது குழாயின் நடுவில் போய் இறுகி நிற்கும். சுட்டவன் ஏதோ நமுத்த தோட்டா என்று நினைத்து அடுத்ததைப் போட்டு அமத்தினால் குழாய் பிளக்கும். குழாயில் இருப்பது இடது கை. பக்கத்தில் இருப்பது கண்.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க ஏலாதா என்றேன். அண்ணை பெட்டிகளைக் கொடுத்தாயிற்றே என்றார். கையில் இருந்தாலும் ஏலாதாம், மருந்தின் பாரத்தை விடக் கோதுக்குக் கோது, சன்னத்துக்குச் சன்னம் வித்தியாசம் கூடவாம். வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

கிளப்புக்குப் போன் அடித்தால் மறுமொழி மெசின்தான் கதைத்தது. கிழவருக்கு அடித்தால் கேட்காத காதுப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்களின் நம்பர் இல்லை. நாளைக் காலமை வெள்ளென நேரே போவதுதான் வழி. போய் என்ன சொல்லுவது என்பதில்தான் அண்ணை நின்றார். இதைவிடத் திறமான பெட்டி கொண்டுவந்திருக்கிறேன், மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாமா? ரிப்பன் நிறம் பிழைத்துவிட்டது என்று சொல்லலாமா?

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ?" என்றார். "எங்கட பரம்பரையில நடந்திருக்கோ? என்ன மரியாதை இருக்கும் எனக்கு அங்க?"

அக்கா கிண்ணத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டே சொன்னா: "ஓம். மரியாதையை நீங்கள் வைச்சிருங்கோ. கண்ணை அந்தாள் குடுக்கட்டும்."

விடியக் காலமை பனிப்புகாரில் போனோம். எங்களுக்கு முன்னமே எல்லாரும் வந்து, கிளப்புக் குடிசைக்குள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்கள். துவக்குகள் இன்னும் உறைக்குள் இருந்தன. அண்ணை தொப்பியைக் கழற்றினார். ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் வந்திருப்பார் என்று நான் நினைத்தேன். மனுசன் இங்கிலிஷில் நேரே சொன்னார்:

"நான் தந்ததில பிழை இருக்கு. ஒரு தோட்டாவில மருந்து இல்லை. அது ஆரின்ர பெட்டியில இருக்கெண்டு எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் திருப்பித் தாங்கோ."

தான் செய்த ஒன்றுக்குப் பக்கத்தில் அவர் பிழை என்ற சொல்லை வைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தச் சரிந்த வேலிக்குக் கூட வைத்ததில்லை.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருவர் சப்பாத்தைப் பார்த்தார். கிழவர் செருமிவிட்டு வெளியே போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பெட்டிகள் வந்தன. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அக்கா கட்டின சிவப்பு ரிப்பன் எல்லாப் பெட்டியிலும் கட்டினபடியே இருந்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை.

அண்ணை ரிப்பன்களைப் பார்த்தார். "ஒருத்தரும் சுடேல்லையோ?"

கிழவர் அவருடைய தோளில் கை வைத்தார். இனிப்பு மிகவும் நன்றாக இருந்தது, தன் மனுசி இன்னும் கேட்கிறாள் என்றார். மற்றவர்களும் பணியாரத்தைப் பற்றி உற்சாகமாகத் தலையாட்டினார்கள். பிறகு அவர் பக்குவமாகச் சொன்னார், உங்களை நம்பாமல் இல்லை, ஆனால் இன்னொருத்தர் வீட்டில் நிரப்பின தோட்டாவை நாங்கள் ஒருநாளும் சுடுவதில்லை, சுடுகிறவர்கள் எல்லாருக்கும் இது வழக்கம், புத்தகத்திலும் இருக்கிறதே.

கடைசியாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி: "உள்ளுக்கு என்ன போட்டிருக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணையின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, சிரிப்பு வந்துவிடும் என்றும் பயம்.

அன்றைக்கு அவர் சுடவில்லை. பெட்டிகளைக் கொண்டுவந்து கொட்டிலில் இறக்கினோம். அக்காவும் ஒரு மடக்குக் கதிரையை விரித்து இருந்துகொண்டா. அண்ணை ஒவ்வொரு தோட்டாவாக மேல்வாயை மெல்லக் கீறித் திறந்தார். சன்னம் ஒரு டப்பாவுக்குள், அடைப்பு ஒரு டப்பாவுக்குள், மருந்து தனியே. ஒவ்வொன்றாக எல்லாம் சரியாகவே வந்தன. அண்ணையின் கழுத்து மெல்ல மெல்ல நிமிரத் தொடங்கியது. வீட்டில செய்தது எண்டால் வீட்டில செய்தது என்று ஒருமுறை முணுமுணுக்கவும் செய்தார்.

கிழவரின் பெட்டியைக் கடைசியாகத்தான் எடுத்தார். மேல் வரிசையில் ஒரு கோது. சன்னம் விழுந்தது. அடைப்பை இழுத்து எடுத்தார். கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. மெல்லத் தட்டினார். ஒன்றும் இல்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டா.

அந்த வெற்றுக் கோதின் வாய்க்குள் அண்ணை கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல் வரிசை," என்றார். "முதல் கையிலேயே வந்திருக்கும். நல்லகாலம், மனுசன் என்னை நம்பேல்லை."

அதற்குப் பிறகும் அவர் தோட்டா நிரப்பினார், ஆனால் தான் சுடுவதற்கு மட்டும். மடக்குக் கதிரைகள் மேல்மாடி அறைக்குப் போயின. தராசுக்குக் கடையில் வாங்கின தட்டு வந்தது. அவர் மருந்து போடுகிற நேரத்தில் யாராவது வந்தால், முடியட்டும் இருங்கோ என்று அக்கா இருத்திவைப்பா. அதில் கோபித்துக்கொண்டு ஒரு சித்தப்பா குடும்பம் இன்றுவரை கதைப்பதில்லை. பிறகு கடையையும் விற்று, மகளுக்குக் கிட்ட இருக்க இல்ஃபோர்ட் பக்கம் போய்விட்டார்கள். அங்கே கொட்டில் இல்லை என்று கேள்வி.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குக் கொட்டிலில் கடைசியாக நடந்ததை. எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு அண்ணை என் பக்கம் திரும்பினார். பரீட்சை மறுமொழி கேட்கிற பிள்ளையின் முகம்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நான் தந்த தூள்... வீட்டில சமைக்கிறவையோ?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கதிரையை மடக்கிக்கொண்டிருந்தா. மடித்த கதிரையைத் திரும்ப விரித்து, திரும்பவும் மடக்கினா.

"போன கிழமைதான் அண்ணை முடிஞ்சது," என்றேன்.

அடுத்தநாள் காலமை ஷிப்டுக்குப் போகக் கதவைத் திறக்கிறேன், படியில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பா. குசினி மேல்தட்டில் வைக்க இடம் இல்லை. என் மனுசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு ஒன்றை உடைத்து, அன்றைக்கு மீன்குழம்பு வைத்தாள்.

நல்ல தூள். இவ்வளவு காலமும் மேல்தட்டில் வீணாகக் கிடந்திருக்கிறது. உறைப்பு மட்டும் கொஞ்சம் கூட, தும்மல் வரும்.